வேகாத கல்

கடிதத்தில் ஏழு வரிதான் இருந்தது. பாளையங்கோட்டைத் தபால் ஆபீஸ் வாசலில் நின்றபடியே பாக்கியசீலன் அதை மூன்று தடவை படித்தான். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது. மூன்றாம் தடவை, புரிந்தது தப்பாக இருக்காதா என்ற ஆசையில் படித்தான்.

அவனுக்கு வயது இருபத்து நான்கு. வனத்துறையில் வரைபடம் போடுகிற உத்தியோகம். தாமிரபரணிக்குத் தெற்கே, கடலுக்கு இந்தப் பக்கம், மைல் கணக்கில் செக்கச்செவேலென்று கிடக்கிறது தேரி மணல். வருஷா வருஷம் ஆடிக் காற்றில் அது எழும்பி நகரும். எந்தப் பனைவிளையை மூடியிருக்கிறது, எந்தக் கிணற்றைத் தூர்த்திருக்கிறது என்று சங்கிலி பிடித்து அளந்து அவன் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைக் காகிதம். அதன் நடுவில் ‘மணல்’ என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். ஆபீஸ் முறை அது. நாலு வருஷமாக அவன் மணல், மணல் என்றே எழுதி வந்தான்.

அந்த 1911-ஆம் வருஷம் ஆனி மாதத்தில்தான், அந்த வெள்ளைக் காகிதத்துக்குள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. சீலோவிளை என்ற பனையேறிகள் ஊருக்கு மேற்கே காற்று ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. அடியில் கல்லாய் இறுகிய சிவப்புத் தரை. அந்தத் தரையில் மீன்செதில் போலவும் பாக்குச்சீவல் போலவும் வெள்ளை வெளேரென்று சிறு கற்கள் இறைந்து கிடந்தன. ஒன்றை எடுத்தான். கட்டைவிரலில் மெல்லிய கோடு விழுந்து ரத்தம் துளிர்த்தது.

வேறொருவனாக இருந்தால் விரலைச் சப்பிவிட்டுப் போயிருப்பான். ஆனால் பாக்கியசீலன், பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்துவந்த, அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அந்த வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தவன். பூமி ஒரு காலத்தில் குளிர்ந்து போயிற்று என்று சொன்ன புத்தகம் அது. ஒரு தடவை அல்ல, பல தடவை. வடக்கே தேசம் தேசமாகப் பனி மூடியது. மூடிய பனி இறுகிப் பொதிகை மலை உயரத்துக்கு எழுந்து நின்றது. நின்றதோடு விடாமல் ஊர்ந்து வந்து, பாறைகளைச் சிலேட்டில் கீறுவது போலக் கீறியது. பிறகு உருகிப் பின்வாங்கியது. பிறகு மறுபடி வந்தது. ஒவ்வொரு வரவுக்கும் போக்குக்கும் இடையில் ஆயிரம் ஆயிரமாய் வருஷங்கள். அந்தக் குளிரின் ஓரத்தில் மனிதர்கள் இருந்தார்கள். கல்லைத் தட்டிக் கூராக்கிக்கொண்டு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தாங்கள் ஒரு யுகத்தின் நடுவில் இருக்கிறோம் என்று தெரியாமலே இருந்தார்கள்.

அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கினால், தெரு சின்னதாகத் தெரியும். புத்தகத்தில் வந்த ஆட்கள் எல்லாம் பிரான்சு தேசத்துக் குகைகளில் வாழ்ந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதில் அவனுக்கு ஒரு தாபம் இருந்தது. விரலில் ரத்தம் துளிர்த்த அந்த நிமிஷத்தில், இல்லாத அந்த ஒரு வரி மணலுக்குள்ளிருந்து எழுந்து வந்து தன்னைக் கடித்துவிட்டது என்றே அவன் நினைத்தான்.

நாற்பது கற்களைப் பொறுக்கி, பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, சென்னையில் பழங்காலக் கற்களை ஆராய்கிற துரை ஒருவருக்கு அனுப்பினான். அதற்குத்தான் இந்தப் பதில்.

‘உமது பகுதியில் பனையேறிகள் வீட்டுப் பெண்கள், அரிவாள் தீட்டும் பொடிக்காக வெண்கல்லை உடைப்பதுண்டு என்று கேள்விப்படுகிறேன். நீர் அனுப்பியவை அந்தக் கழிவாகவே இருக்கக்கூடும். அப்படி அல்ல என்று காட்ட உம்மிடம் ஏதேனும் இருந்தால், வருகிற வியாழக்கிழமை தூத்துக்குடி போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். இல்லையேல் இதை இத்துடன் விட்டுவிடலாம்.’

பாக்கியசீலனின் தாத்தா பனையேறி. அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார் ஆனார். குடும்பம் பாளையங்கோட்டைக்கு வந்தது. அதன் பிறகு பனை என்றால் அவர்கள் வீட்டில் காப்பிக்குப் போடுகிற கருப்பட்டிதான். தாத்தா எதைக் கொண்டு அரிவாள் தீட்டினார் என்று பேரனுக்குத் தெரியவில்லை. சென்னையில் இருக்கிற துரைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வெட்கம்தான் அவனை முதலில் சுட்டது. அதன் பிறகு பயம் வந்தது. யுகங்களைக் கடந்து வந்தவை என்று பஞ்சில் பொதிந்து அனுப்பியது, போன வருஷம் யாரோ ஒருத்தி உடைத்துப் போட்ட குப்பைதானா?

கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே இடம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சீலோவிளைக்கு வண்டி ஏறினான்.

பெரியப்பா மகன் அப்பாத்துரை அங்கேதான் பனை ஏறிக்கொண்டிருந்தார். பாக்கியசீலன் போய்ச் சேர்ந்தபோது அவர் மரத்தில் இருந்தார். அவர் மனைவி ஜெபகனி, ஓலைக் குடிசைக்குள் அடுப்பின் முன் நின்று, பெரிய தாச்சியில் கொதிக்கிற பதநீரைத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புகையில் கண் சிவந்திருந்தாலும் வாய் ஓயாது.

“யாரு, சர்க்கார் கொழுந்தனாரா? மணலு ஓடிப்போச்சா, இருக்கான்னு பாக்க வந்தியளா?”

“உங்களைப் பாக்கத்தான் வந்தேன் மைனி.”

“என்னையவா? நான் ஒண்ணும் நகரலயே. அதே எடத்துலதான கெடக்கேன்.”

அவன் சிரிக்க முயன்று, முடியாமல், நேரே கேட்டுவிட்டான். அரிவாள் தீட்ட வெள்ளைக் கல் பொடி செய்கிறார்களா? அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? மேற்கே பள்ளத்தில் கிடப்பது யார் உடைத்தது?

“வெங்கச்சங்கல்லா? நாங்கதான் பொடிக்குதோம். தீட்டுக்கட்டையில அந்தப் பொடியப் போட்டுத் தீட்டுனாத்தான பாளை சீவுத அருவா முகம் பாக்குத மாதிரி மின்னும். கல்லு தேரியிலதான் பொறக்குதோம். எங்க மாமியா காலத்துல, அவுக மாமியா காலத்துல எல்லாம் அப்பிடித்தான்.”

“அப்போ பள்ளத்தில் கிடக்கிற சில்லெல்லாம்...”

“எங்க ஆளுக உடைச்சதாத்தான் இருக்கும். வேற யாரு வந்து உடைப்பா, பேயா?”

மரத்திலிருந்து இறங்கி வந்த அப்பாத்துரை, பதநீர்க் கலயத்தை வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டவர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஏலே பாக்கியம், இந்தக் குப்பையையா தபால்ல மெட்ராசுக்கு அனுப்புன? முன்னமே சொல்லியிருந்தா ஒரு கடகப்பெட்டி நெறையத் தந்திருப்பேனே!”

“சும்மா இருங்க. பிள்ளைக்கு முகமே செத்துப் போச்சு” என்றாள் ஜெபகனி.

உண்மைதான். பாக்கியசீலன் பனந்தடியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதமாக அவன் தனக்குள்ளே கட்டி வைத்திருந்த பனிமலை முழுவதும் ஒரு கருப்பட்டி அடுப்பின் சூட்டில் உருகிப்போயிற்று. சட்டைப் பையில் ஒரே ஒரு கல் வைத்திருந்தான். அவன் விரலைக் கீறிய கல். இனி அதை வைத்திருந்து என்ன? எடுத்து ஜெபகனியிடம் நீட்டினான்.

“இந்தாங்க மைனி. உங்க பொடியோட இதையும் சேத்துப் போட்ருங்க.”

அவள் வாங்கி அடுப்பை நோக்கி வீசக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது. கல்லைத் திருப்பிப் பார்த்தாள். வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி போல வெளிச்சம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

“இது வேகலையே” என்றாள்.

“என்னது?”

“இது வேகாத கல்லு கொழுந்தனாரே.”

கல் வேகுமா என்று அவன் விழித்தான். அவள் அடுப்புக்குள் குச்சியை விட்டுச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு வெண்கல்லை உருட்டி வெளியே இழுத்தாள். பொறுக்கி வந்த கல்லைத் தாச்சிக்கு அடியில் நெருப்பில் போட்டுவிடுவார்களாம். காலையிலிருந்து மத்தியானம் வரை வெந்து சிவந்த பிறகு இழுத்துப்போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். புஸ்ஸென்று சத்தம் வரும். கல் முழுக்க விரிசல் ஓடித் தயிர் மாதிரி வெளுத்துப்போகும். அதற்கப்புறம்தான் உரல். இரண்டு இடியில் மாவாகிவிடும்.

“பச்சைக் கல்ல எவளும் உடைக்க மாட்டா. தட்டுனா கத்தி கத்தியாத் தெறிக்கும். எங்க மாமியாளுக்கு ஒரு கண்ணு போனதே அப்பிடித்தான். அன்னைலேருந்து எங்க வளவுல வேகாத கல்லுமேல உலக்க வைக்கவே பயம்.” அவள் அந்தச் சில்லை மறுபடி வெயிலில் பிடித்தாள். “இத யாரோ பச்சையாத் தட்டியிருக்காக. தெரிஞ்சே தட்டியிருக்காக. பாருங்க, ஒரே தட்டு. பொடிக்காகத் தட்டுனா இப்பிடி வராது.”

அடுப்பில் பதநீர் பொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் அப்பாத்துரை ஓடிப்போய்த் துடுப்பை எடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை விடிந்ததும் பாக்கியசீலன் ஜெபகனியோடு பள்ளத்துக்குப் போனான். ஜெபகனி வாழ்நாள் முழுக்க அந்தத் தேரியில் கல் பொறுக்கியவள்தான். ஆனால் எப்போதும் நடந்துகொண்டே பொறுக்கியவள். நின்று பார்த்தது கிடையாது. இப்போது குனிந்து, சில்லுகளை மிதிக்காமல், கோழி நடப்பது போலக் காலை எடுத்து எடுத்து வைத்து நடந்தாள். ஓரிடத்தில் குந்தினாள்.

“இங்கன வாங்க. இதப் பாத்தியளா?”

சில்லுகள் கண்டபடி கிடக்கவில்லை. விசிறியை விரித்து வைத்தது போல முன்னால் பரவிக் கிடந்தன. விசிறியின் அடியில், இரண்டு முழங்கால் அகலத்துக்கு, ஒரு சில்லும் இல்லாத வெறுந்தரை.

“இங்கன ஒரு ஆளு உக்காந்திருக்கு” என்றாள். அவள் குரல் தானாகவே தணிந்திருந்தது. “மாவு இடிச்சிட்டு எந்திரிச்சா, நம்ம உக்காந்த எடம் மட்டும் வெறுமையாக் கெடக்குமே, அப்பிடி.”

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். முந்தானையை முகத்தில் சுற்றிக் கண்ணுக்கு மட்டும் இடுக்கு விட்டுக்கொண்டு, ஒரு பச்சை வெண்கல்லை இடது கையில் பிடித்து, உருண்டைக் கல் ஒன்றால் அதன் விளிம்பில் தட்டினாள். நொறுங்கியது. இன்னொன்று, அதுவும் நொறுங்கியது. கையைச் சற்றுச் சாய்த்து, தட்டு விழுகிற நேரத்தில் மணிக்கட்டைத் தளர விட்டாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மடியில் ஒரு மீன்செதில் விழுந்தது.

தரையில் கிடந்த சில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அக்கா தங்கை மாதிரி இருந்தன.

“இந்தச் சத்தத்த அவுகளும் கேட்டிருப்பாகள்லா?” என்றாள்.

இவ்வளவு படித்தும் அது பாக்கியசீலனுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சத்தம் இந்தப் பள்ளத்தில் எத்தனை ஆயிரம் வருஷங்களுக்குப் பிறகு மறுபடி கேட்கிறதோ.

“அவுகன்னா யாரு? எப்ப உள்ள ஆளுக?” என்று அவளே கேட்டாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். வடக்கே மலை உயரத்துக்குப் பனிக்கட்டி நின்றதைச் சொன்னான். பனிக்கட்டி என்றால் எப்படி என்று கேட்டாள்.

“ஆலங்கட்டி மழை பாத்திருக்கியளா?”

“ஒரே ஒருக்கா. எனக்கு ஏழு வயசு. கையில ஒரு கட்டியப் பிடிச்சுக்கிட்டு அம்மைட்டக் காட்ட ஓடுனேன். போய்க் கையத் தொறந்தா வெறுந்தண்ணி. பொய் சொல்லுதேன்னு அடி வாங்குனேன்.”

“அந்த ஆலங்கட்டிதான் மைனி. அதைத் தரையிலேருந்து பொதிகை உச்சி வரைக்கும் நெனைச்சுக்கோங்க. கையத் தொறந்தாலும் உருகாத ஆலங்கட்டி. இங்கேருந்து காசி தூரத்துக்கு, அதுக்கு மேலயும்.”

அவள் மேற்கே திரும்பி, நீலமாகத் தெரிகிற மலையின் உச்சியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அம்புட்டுத் தண்ணிக்கு எங்க போக?”

“கடல்லேருந்துதான். அங்க கட்டியா நிக்க நிக்க, இங்க கடல் வத்தி எறங்கிப்போச்சு. இப்ப கடல் இருக்கிற எடமெல்லாம் அப்போ காஞ்ச தரை. தாமிரபரணி இன்னும் எத்தனையோ மைல் ஓடித்தான் கடலைப் பிடிச்சிருக்கணும். அந்தக் காஞ்ச அடிமணலைத்தான் காத்து அள்ளிக்கிட்டு வந்து இப்பிடித் தேரியாப் போட்டிருக்கும்னு நான் நெனைக்கேன். புத்தகத்துல நம்ம ஊரைப் பத்தி இல்ல; இது என் கணக்கு.”

ஜெபகனி ஒரு கைப்பிடி செம்மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். பிறகு சட்டென்று கேட்டாள்.

“அப்போ கொழும்புக்கு நடந்தே போயிருக்கலாமா?”

அவனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவள் தங்கை சாலோமி மூன்று வருஷத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்துக்கு என்று தூத்துக்குடியில் கப்பல் ஏறினாள். அதுவரை அக்காளும் தங்கையும் ஒரே உரலுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி இடித்தவர்கள். இப்போது ஜெபகனி தனியாக இடிக்கிறாள்.

“போயிருக்கலாம் மைனி. நடந்தே.”

“ம்” என்றாள். கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, “இத பாதிரி ஐயருட்டச் சொல்லிராதிய. நோவாவுக்கு முந்தியா பிந்தியாம்பாரு. உங்களுக்கும் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றாள்.

சாயங்காலம் காற்று வலுத்தது. செவ்வாய்க்கிழமையே தந்தி கொடுத்து வரச் சொல்லியிருந்த துரை மறுநாள் மத்தியானம் வருவார். அதற்குள் மணல் இந்தத் தரையை மூடிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஜெபகனி அடுப்பு வேலைக்குப் போயிருந்தாள். பாக்கியசீலன் அண்ணனிடம் பனையோலை வாங்கி வந்து, வனத்துறை நாலு வருஷமாகக் கற்றுக்கொடுத்த முறைப்படி, காற்று வருகிற பக்கமாக, பள்ளத்தின் மேல்விளிம்பில், நெஞ்சளவு உயரத்துக்கு ஓலை வேலி கட்டினான். இடைவெளி, சாய்வு எல்லாம் கணக்காக. கையைத் தட்டிக்கொண்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தான்.

வியாழக்கிழமை காலை வந்து பார்த்தபோது பள்ளத்தைக் காணவில்லை.

வேலி நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம், விசிறியும் வெறுந்தரையும் இருந்த இடத்தில், வழுவழுவென்று ஒரு மணல்மேடு. ஒரு முழம் இருக்கும். அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. ஓலை வேலி மணலைத் தடுப்பதற்கு அல்ல. பறக்கிற மணலை இறக்கி ஓரிடத்தில் நிறுத்துவதற்கு. அதற்காகத்தான் சர்க்கார் அதைக் கட்டச் சொல்கிறது. நாலு வருஷமாக அவன் செய்கிற வேலையே அதுதான். அந்த வேலையைத் துளிகூடத் தப்பில்லாமல் செய்திருக்கிறான்.

ஓடிப்போய் மண்வெட்டியோடு வந்தவனை ஜெபகனி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வெட்டுனா எல்லாம் கலஞ்சி போவும். மம்பட்டியக் கீழ போடுங்க.”

“துரை இன்னும் நாலு மணி நேரத்துல வந்துருவாரு மைனி!”

“வரட்டும். அவருக்கு என்ன, வண்டியிலதான உக்காந்து வாராரு.”

அவள் வளவுக்குப் போய் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தாள். தேவமணியும் கோயில்பிச்சையின் மனைவியும் புடைக்கிற சுளகோடு வந்தார்கள். முதலில் வேலியைப் பிடுங்கினார்கள். பிறகு மூன்று பெண்களும் மேட்டைச் சுற்றிக் குந்தி, கையால் மேல்மணலை வழித்து, மிச்சம் சாண் கனம் ஆனதும் சுளகை எடுத்தார்கள். நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கிறவர்களுக்கு இது புது வேலை அல்ல. தரையைத் தொடாமல், சரித்துப் பிடித்து, விட்டு விட்டு வீசினார்கள். காய்ந்த மணல் புகையாய் எழும்பிக் காற்றோடு போயிற்று. கனமான சில்லு ஒன்றுகூட அசையவில்லை.

“ஏட்டி, பைய வீசு. கல்லு எந்திரிச்சிறப் போவுது” என்றாள் தேவமணி.

“எந்திரிச்சா ஒரு வாய் பதநீ குடுப்போம். எத்தன நாளாப் பட்டினி கெடக்கோ” என்றாள் ஜெபகனி.

விசிறி வெளிப்பட்டது. வெறுந்தரை வெளிப்பட்டது. ஜெபகனி நிறுத்தவில்லை, காற்று அன்று தோண்டாமல் விட்டிருந்த ஓரத்தையும் சேர்த்து வீசிக்கொண்டே போனாள். புதிதாக, இதுவரை யாரும் பார்க்காத சில்லுகள் தெரிந்தன. அவையும் விரிந்து கிடந்தன. ஆனால் மறுபக்கமாக.

சுளகு அவள் கையில் அப்படியே நின்றது.

முதல் விசிறிக்கு எதிரே இரண்டாவது விசிறி. அதன் அடியிலும் இரண்டு முழங்கால் அகலத்துக்கு வெறுந்தரை. இரண்டு வெறுந்தரையும் நேருக்கு நேர். நடுவில் இரண்டு பேருடைய சில்லுகளும் விழுந்து கலந்து கிடந்தன.

தேவமணி மெல்ல முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள், கோயிலுக்குள் நுழைவது போல.

துரை வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வயதானவர்; வண்டியில் குலுங்கி வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பாக்கியசீலன் வெந்த கல்லையும் வேகாத கல்லையும் அவர் இரண்டு கையிலும் வைத்து, ஜெபகனி சொன்னதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே வெந்த கல்லைத் தட்டினார், மாவாயிற்று. வேகாததைத் தட்டினார், அது கூராய்ச் சில்லு விட்டுத் தெறித்தது. தன் விரலில் வந்த ரத்தத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் எழுதியது தவறு” என்றார். “அடுப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.”

இவ்வளவு போதும் என்று பாக்கியசீலனுக்கு இருந்தது. ஆனால் துரை பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். தரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அந்த வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் பைக்குள் போயிற்று.

இந்த இரண்டு வெறும் இடங்களைப் பற்றி அந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

“நெனைக்க என்ன இருக்கு?” என்றாள் ஜெபகனி. “ரெண்டு பேரு. எதிரெதிர உக்காந்து வேல பாத்திருக்காக. பேசிக்கிட்டே பாத்திருப்பாக. பேசாம இந்த வேலைய யாரு பாப்பா?”

பாக்கியசீலன் அதைச் சொன்னான். துரை தலையை ஆட்டினார். எவ்வளவு காலத்துக்கு முன்பு இருக்கும் என்று இவன் கேட்டதற்கு, “எனக்குத் தெரியாது” என்றார். “இந்த மணல் வருவதற்கு முன்பு. அதற்கு மேல் தெரியாது. தெரிந்தவர்கள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.”

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரம் ஆயிற்று. பாக்கியசீலன் வரைபலகையை நிறுத்தி, ஒவ்வொரு சில்லையும் அதனதன் இடத்தில் புள்ளி வைத்தான். மைல் கணக்கில் மணலை அளந்தவன் வரைந்த படங்களிலேயே சிறியது அதுதான். ஒரு பாய் விரிக்கிற இடம். புள்ளிகள் நிறைந்து முடிந்தபோது, காகிதத்தின் நடுவே இரண்டு வெள்ளை வட்டங்கள் எஞ்சின. பென்சில் அங்கே போய் நின்றது. வெறும் இடம் என்றால் ‘மணல்’ என்று எழுதிப் பழகிய கை அது.

“என்ன யோசிக்கிய?” என்றாள் ஜெபகனி.

“இங்க என்ன எழுதன்னு...”

“ஆளு இருக்காகன்னு எழுதுங்க. இருந்தாகள்லா?”

ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ‘ஒருவர்’ என்று எழுதினான். துரை அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியே இருக்கட்டும் என்றார். ஒரு பெட்டி நிறையச் சில்லு மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை அசைக்க வேண்டாம், மணலே பத்திரமாக வைத்திருக்கும் என்று சொல்லி வண்டி ஏறினார். படத்தின் நகலைச் சென்னைக்கு அனுப்பும்படியும், இந்த விஷயத்தைத் தாம் விடப்போவதில்லை என்றும் வண்டியிலிருந்து திரும்பிச் சொன்னார்.

பிடுங்கிப் போட்ட ஓலைகளைப் பாக்கியசீலன் மறுபடி எடுத்தான். இந்த முறை மணல் வரட்டும் என்றே, நேற்றுக் கட்டிய அதே இடத்தில், அதே சாய்வில் வேலியைக் கட்டினான். கட்டி முடித்துத் திரும்பியபோது, ஜெபகனி பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு வெறுந்தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு சில்லும் நகராமல் உட்கார்ந்திருந்தாள். இடம் அவளுக்குச் சரியாக இருந்தது.

“அங்கன உக்காருங்க கொழுந்தனாரே. மூடிப் போவதுக்கு முந்தி ஒருக்கா.”

அவன் எதிரே இருந்த இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் சரியாக இருந்தது. இருவருக்கும் நடுவே அந்தச் சில்லுகள். என்ன பேசியிருப்பார்கள்? குளிரைப் பற்றியா, பிள்ளையைப் பற்றியா, எங்கோ நடந்து போன தங்கையைப் பற்றியா? அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட இன்று உலகத்தில் இல்லை. உட்கார்ந்த இடம் மட்டும் இருக்கிறது.

அப்போது காற்று ஒரு நிமிஷம் அடங்கியது. ஆடி மாதத்தில் அப்படி அடங்குவது அபூர்வம். அந்த அமைதியில், கிழக்கே மூன்று மைலுக்கு அப்பாலிருந்து கடலின் இரைச்சல் கேட்டது.

ஜெபகனி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது அவுகளுக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்காது மைனி. அப்போ கடல் ரொம்ப தூரத்துல.”

அவள் கிழக்கே பார்த்தாள். உலகமே மாறி, அந்தச் சத்தம் இவ்வளவு கிட்ட வந்துவிட்டதைக் கேட்டபடி அசையாமல் இருந்தாள். காற்று திரும்ப எழுந்தது. வேலியின் இடுக்கு வழியாக முதல் மணல் வந்து இருவருடைய முழங்கால்களுக்கு நடுவே மெல்ல இறங்கத் தொடங்கியது. அது அங்கே படியட்டும் என்று அவர்கள் பைய எழுந்துகொண்டார்கள்.